கத்திரி வைக்கும் முன்: துணிமேல் பேட்டர்ன் அடுக்கும் கணக்கு

புதிதாகத் தைத்த காட்டன் பேண்ட் முதல் இரண்டு தடவை போடும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். மூன்றாவது சலவைக்கு அப்புறம் ஒரு காலின் பக்கத் தையல் மெல்லத் திரும்பி முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கும். இன்னொரு கால் இருந்த இடத்திலேயே இருக்கும். தைத்தவரிடம் கொண்டுபோனால் அவர் தையலைப் பிரித்துப் பார்ப்பார், மறுபடி தைத்தும் கொடுப்பார். அடுத்த சலவையில் அது திரும்பவும் முறுக்கிக்கொள்ளும். தையலில் ஒரு குற்றமும் இல்லை. துணியை விரித்து, அதன்மேல் பேட்டர்னை, அதாவது உடுப்பின் பாகங்களை அளவாக வரைந்து வெட்டிய காகிதத்தை வைத்து, கத்திரியைக் கையில் எடுப்பதற்கு முந்தின பத்து நிமிடத்தில் அந்தப் பேண்டின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தை எப்போதும் "துணி மிச்சம் பிடிப்பது" என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் அது வரிசையில் கடைசி. முதலில் நூல் ஓட்டம், அதாவது துணியின் நூல் போகும் திசை. அடுத்தது இடது வலது ஜோடி. அதற்கடுத்தது டிசைனும் அதன் திசையும். இந்த மூன்றும் சரியாக உட்கார்ந்த பிறகு மிஞ்சுவதில்தான் சிக்கனம். இந்த வரிசை தலைகீழானால் கால் மீட்டர் லாபம் கிடைக்கும், உடுப்பு போய்விடும்.

கடையிலேயே தொடங்கும் கணக்கு

சிக்பேட்டையிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ துணி கேட்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "அண்ணா, பன்னா எவ்வளவு?" (பெங்களூரில் இந்த "அண்ணா" தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது, யாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.) பன்னா என்றால் துணியின் அகலம். பொதுவாகக் கிடைப்பவை மூன்று: 36 இஞ்ச், 44 இஞ்ச், 58 முதல் 60 இஞ்ச். சொல்கிற அகலம் முழுவதும் கைக்கு வராது. இரண்டு பக்கமும் ஓரக்கரை கால் இஞ்சிலிருந்து அரை இஞ்ச் வரை போகும். ஆலைத் துணியில் அந்த ஓரத்தில் வரிசையாக ஊசிக் குத்துகள் தெரியும். துணியை இழுத்துப் பிடித்துக் காய வைக்கும் ஸ்டென்டர் இயந்திரத்தின் பற்கள் பதிந்த இடம் அது. ஓரக்கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கும், சலவையில் மற்ற இடத்தைவிட வேறு மாதிரி சுருங்கும். அதை உடுப்புக்குள் சேர்த்துக்கொண்டால் அந்தத் தையல் நாளாக ஆக இழுக்கும். ஆகவே 44 என்றால் 43 என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

பன்னா கூடினால் துணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நினைக்கிறோம். அப்படிக் குறையாது, ஒரே தாவலாகத்தான் குறையும். மார்பு 38, உயரம் 42 இஞ்ச், அரைக்கை வைத்த குர்தா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச் சுற்றுக்குத் தையல் இடமும் சேர்த்துப் பாதிப் பாகத்தின் அகலம் 13 இஞ்ச், மடிப்புக்கும் தோளுக்கும் சேர்த்து உயரம் 44. துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 44 பன்னாவில் 22 இஞ்ச் கிடைக்கும். முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் வர 26 வேண்டும், வராது. ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வைக்க முடியும்: 88 இஞ்ச். அதற்குக் கீழே கைகளுக்கு 11 இஞ்ச். மொத்தம் 99, அதாவது சுமார் இரண்டரை மீட்டர். இதே குர்தாவை 36 பன்னாவில் போட்டுப் பாருங்கள். மடித்தால் 18, அதில் 13 உட்காரும், அடுக்கு அதேதான், இரண்டரை மீட்டரேதான். எட்டு இஞ்ச் அகலம் கூடியும் ஒரு சாண் துணிகூட மிஞ்சவில்லை, பக்கத்தில் வீணாகும் பட்டை மட்டும் அகலமாகிறது.

58 பன்னாவுக்குப் போனால் கதை மாறும். இரண்டு ஓரக்கரையையும் நடுவில் சந்திக்கிற மாதிரி இரு பக்கமிருந்தும் மடியுங்கள். இப்போது இரண்டு மடிப்பு கிடைக்கிறது, ஒவ்வொன்றும் 14 இஞ்சுக்கு மேல். ஒரு மடிப்பில் முன் பாகம், மறு மடிப்பில் பின் பாகம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். 44 இஞ்ச் பாகத்துக்கு, 11 கைக்கு. சுருக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். பாதிப் பாகம் 10½ இஞ்சுக்குள் அடங்கும் ஒல்லியான நேர் குர்தாவோ குழந்தைகள் சட்டையோ என்றால் இந்த இரட்டை மடிப்பு 44 பன்னாவிலேயே நடக்கும். உங்கள் அளவு எந்தத் தாவலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேட்டர்னின் அகலமான இடத்தை அளந்து, அதை இரண்டால் பெருக்கி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

தண்ணீர், இஸ்திரி, ஒரு நூல்

பேட்டர்னை வைப்பதற்கு முன் துணியை அதன் இயல்புக்குத் திருப்ப வேண்டும். காட்டன் என்றால் வெறும் தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டு, முறுக்கிப் பிழியாமல், கொடியில் இரண்டாக மடித்துப் போட்டுக் காயவிடுங்கள். ஆலையிலும் கடையிலும் இழுபட்டுக் கிடந்த நூல் அப்போதுதான் தளரும். 3 சதவீதச் சுருக்கம் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும், இரண்டரை மீட்டரில் அது மூன்று இஞ்ச். நீளவாக்கு நூல்தான் தறியில் விறைப்பாகக் கட்டப்பட்டது என்பதால் பெரும்பாலும் நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். குர்தாவைத் தைத்த பிறகு இது நடந்தால் முழங்காலுக்குக் கீழே இருந்தது முழங்காலுக்கு மேலே ஏறிவிடும்.

லைனிங்கையும் தனியாக நனைக்க வேண்டும். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால், பிளவுஸ் உள்பக்கம் இழுத்துப் பிடித்து வெளியே பைபையாகத் தொங்கும். பட்டுத் துணியை நனைக்கக் கூடாது, உள்பக்கத்தில் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் போதும். மைசூர் சில்க் மாதிரி க்ரேப் வகைப் பட்டில் நூல் இறுக்கமாக முறுக்கி நெய்யப்பட்டிருக்கும். நனைந்தால் சட்டென்று சுருங்கும், உலர்ந்த நிலையிலும் கையைப் பட்டால் நெளியும். அதை இழுத்து நேராக்கி வைத்துவிட்டு வெட்டினால், எடுத்ததும் அது பழைய நிலைக்குச் சுருங்கி, பாகம் அரை இஞ்ச் குறைந்து நிற்கும்.

காய்ந்ததும் துணியின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். கடையில் கத்திரி போன போக்கில் வெட்டியிருப்பார்கள், அது நேர் கிடையாது. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டு, ஒரு குறுக்கு நூலைப் பிடித்து மெல்ல இழுங்கள். துணி சுருங்கி ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டில் வெட்டுங்கள். அறுந்தால் அறுந்த இடம்வரை வெட்டி, அங்கிருந்து அடுத்த நூலைப் பிடியுங்கள். இப்படி இரண்டு தலைப்பையும் நேராக்கி, ஓரக்கரையோடு ஓரக்கரை சேர்த்து மடித்தால் நான்கு மூலையும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் துணி சாய்ந்திருக்கிறது. குட்டையாகத் தெரியும் மூலையையும் அதற்கு எதிர் மூலையையும் இருவர் பிடித்துக் குறுக்காக இழுத்து, ஈரப்பதத்தோடு இஸ்திரி போட்டால் காட்டன் நேராகிவிடும். பாலியஸ்டர் கலந்ததோ, சுருக்கம் விழாது என்று விற்கிற ஃபினிஷ் கொடுத்ததோ திரும்பாது. சூட்டில் அப்படியே நிலைபெற்றுவிட்ட துணி அது.

இன்னொன்று, கடையில் சுருளுக்காக மடித்த மடிப்பை நம்பாதீர்கள். அது நடுவில் இருப்பதே அபூர்வம். பல நாள் வெளிச்சம் பட்டு அந்தக் கோட்டில் சாயம் வெளுத்தும் இருக்கும். குர்தாவின் நடு முதுகில் வெள்ளைக் கோடு விழுந்தால் எந்தச் சலவையும் அதைப் போக்காது.

நூல் ஓட்டம்

பேட்டர்னில் நீளமாக ஒரு அம்புக்குறி இருக்கும். சொந்தமாக வரைந்த பிரவுன் ஷீட் பேட்டர்ன் என்றால் நடுக்கோட்டுக்கு இணையாக நீங்களே அதை வரைய வேண்டும். அந்த அம்பு பாவு நூலோடு, அதாவது ஓரக்கரைக்கு இணையாக ஓட வேண்டும். கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று விடுவதில்தான் முக்கால்வாசித் தவறு நடக்கிறது. முறை சுலபம். அம்பின் மேல் முனையில் ஒரு குண்டூசி குத்துங்கள். அங்கிருந்து ஓரக்கரை வரை இஞ்ச் டேப்பால் அளங்கள், 7¼ என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனையிலிருந்து அளந்தாலும் அதே 7¼ வரும்வரை காகிதத்தை ஊசியைச் சுற்றித் திருப்புங்கள், பிறகு கீழ் முனையில் குத்துங்கள். அதன் பின்தான் மற்ற ஊசிகள். அகலத்தைப் பார்த்து மூலைகளில் முதலில் குத்தினால் நூல் தவறியே தீரும்.

ஏன் இவ்வளவு கறார்? பாவு நூல் தறியில் இழுவிசையைத் தாங்கி நின்றது, அதிகம் நீளாது. ஊடை, அதாவது குறுக்கு நூல், கொஞ்சம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் 45 பாகையில், தையல்காரர்கள் "கிராஸ்" என்று சொல்லும் திசையில், துணி ரப்பர் மாதிரி இழுபடும். பேண்ட் கால் நேர் நூலிலிருந்து ஓர் இஞ்ச் சாய்ந்திருந்தால் அதன் ஒரு பக்கத் தையல் நேர் நூலிலும் மறுபக்கம் லேசான கிராஸிலும் ஓடுகிறது. ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் நிற்கும். கால் முறுக்கிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. முதல் பத்தியில் சொன்ன பேண்டுக்கு நடந்தது இதுதான். ஒரு காலை ஒழுங்காக வைத்து, மற்றதை மிச்சம் பிடிக்க லேசாகத் திருப்பியிருக்கிறார்கள்.

டி-சர்ட் பக்கத் தையல் முன்னால் வருவதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஒற்றைப் பின்னல் ஜெர்சியில் நூலின் முறுக்கே துணியைச் சுழற்றும். பேட்டர்னை எவ்வளவு நேராக வைத்தாலும் ஓரளவு சுழலும். பின்னல் துணியை வெட்டுவதற்கு முந்தின நாளே சுருளிலிருந்து விரித்துத் தளர விடுவதுதான் நாம் செய்யக்கூடியது. பீன்யா, பொம்மனஹள்ளிப் பக்கத்து ஆடை ஆலைகளில் கட்டிங் மாஸ்டர்கள் லே போடும் முன், அதாவது வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரிக்கும் முன், துணியை ஒரு நாள் கிடத்தி வைப்பதும் இதற்காகத்தான்.

விரிப்பதற்கு இடம் வேண்டும். பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் பெரிய மேசை இருக்காது, ஆனால் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் தரை இருக்கும். அந்த இணைப்புக் கோட்டில் ஓரக்கரையைப் பொருத்தினால் இலவசமாக ஓர் அடிக்கோல் கிடைத்த மாதிரி. வழவழப்பான துணி என்றால் கீழே ஒரு பருத்திப் போர்வையை விரித்துக்கொள்ளுங்கள், துணி அதில் ஒட்டிக்கொண்டு நகராது.

எண்பது சென்டிமீட்டர் பிளவுஸ்

ஆறேகால் மீட்டர் புடவையோடு வரும் 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணிதான் இந்தக் கலைக்கு நல்ல பரீட்சை. துணி 44 இஞ்ச் அகலம், 31½ இஞ்ச் நீளம், இரண்டு ஓரத்திலும் பார்டர். அளவு மார்பு 36, உயரம் 14, கை 6, கைச்சுற்று 12.

முதலில் பாகங்களை இஞ்சில் எழுதிக்கொள்வோம். பாதி முதுகு: மார்பில் நான்கில் ஒன்று 9, தளர்வுக்கு அரை, பக்கத்தில் பின்னால் பிரித்து விட ஒன்றரை, ஆக 11. பாதி முன் பாகம் டாட்டுக்கும் (வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) சேர்த்து 12. உயரம் இரண்டுக்கும் 15. கை: உயரம் 6, மடிப்புக்கும் தையலுக்கும் ஒன்றரை, ஆக 7½. அகலம் 12, தளர்வு 1, இரண்டு பக்கமும் சேர்த்துத் தையல் இடம் 3, ஆக 16.

துணியை நீளவாக்கில் மடியுங்கள், பார்டர்மேல் பார்டர் பொருந்தட்டும். 22 அகலம், 31½ நீளம், இரட்டைத் துணி. மடிப்புப் பக்கம் முதுகை வையுங்கள், நடு முதுகு மடிப்பில். அதற்குக் கீழே முன் பாகம், நடு முன்கோடு மடிப்பை ஒட்டி. பிறகு அந்த மடிப்பைக் கீறித் திறந்து கொக்கிப் பட்டி வைத்துக்கொள்ளலாம். 15ம் 15ம் முப்பது, இந்த வரிசை 12 இஞ்ச் அகலம் எடுத்தது. பார்டர் பக்கம் 10 இஞ்ச் மிச்சம். கையின் கீழ் ஓரத்தைப் பார்டரில் வைத்து, கையின் அகலம் துணியின் நீளவாக்கில் ஓடும்படி வையுங்கள்: 10ல் 7½ உட்கார்ந்துவிட்டது, 31½ல் 16 போயிற்று. இரட்டைத் துணி என்பதால் இரண்டு கையும் ஒரே வெட்டில், இரண்டிலும் பார்டர். அதே பக்கத்தில் 10க்கு 15½ இஞ்ச் துணி இரண்டு அடுக்காக மீதி இருக்கிறது: இடுப்புப் பட்டி, கொக்கிப் பட்டி, வளையப் பட்டி, கழுத்துக்குக் கிராஸ் பட்டை எல்லாம் அதிலிருந்து.

இங்கே கை குறுக்கு நூலில் விழுகிறது. நூல்தான் முதல் என்று சொல்லிவிட்டு இது என்ன என்று தோன்றலாம். பார்டர் கைக்கு வர வேண்டுமானால் வேறு வழி கிடையாது. ஆறு இஞ்ச் கையில் சரியாக 90 பாகை திரும்பியிருந்தால் கேடு ஒன்றும் இல்லை. ஊடையும் நேர் நூல்தான். நேராகவும் இல்லாமல், குறுக்காகவும் இல்லாமல், கிராஸாகவும் இல்லாமல் இடையில் எங்கோ 10 பாகை சாய்ந்து நிற்பதுதான் கெடுதல்.

இந்த அடுக்கில் கைவசம் இருப்பது நீளத்தில் வெறும் ஒன்றரை இஞ்ச். 3 சதவீதம் சுருங்கினால் அதில் ஓர் இஞ்ச் போய்விடும். உயரம் 15 கேட்பவருக்கு இது வராது. முன் பாகத்தைக் கிராஸில் வைத்து வெட்டச் சொன்னால் சுத்தமாக வராது, ஒரு மீட்டர் வேண்டும். முன் பாகம் மட்டும் கிராஸில் இருந்தால் மார்பின் வளைவுக்குத் துணி தானாக இசையும் என்பது உண்மை. துணியைக் கிராஸில் வெட்டி உடம்போடு வழியவிடும் வித்தையை 1920களில் பாரிஸில் மதலேன் வியோனே பெரிய கலையாகவே வளர்த்தெடுத்தார். அவர் துணிக்குக் கணக்குப் பார்க்கவில்லை. நாம் எண்பது சென்டிமீட்டருக்குள் இருக்கிறோம்.

சில புடவைகளில் ஒரு பக்கம் பெரிய பார்டர், மறுபக்கம் சின்னது. அப்போது மடித்து வெட்டினால் ஒரு கையில் பெரியதும் மறுகையில் சின்னதும் வரும். இது நடந்தபின் கண்ணீர் விடுபவர்கள் ஏராளம். இரண்டு கையும் பெரிய பார்டர் ஓரத்திலேயே அடுத்தடுத்து வர வேண்டும்: 16ம் 16ம் 32, துணி 31½. அரை இஞ்ச் இடிக்கிறது. ஒவ்வொரு கையிலும் தையல் இடத்தை அரை இஞ்ச் குறைத்து 15½ ஆக்கினால் 31ல் முடிந்துவிடும். கை பெரிதானால் அக்குளில் முக்கோணமாக ஒட்டுப் போடுவதே வழி, அங்கே யார் கண்ணுக்கும் படாது. இந்த வகையில் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்துத்தான் மொத்த அடுக்கையும் போட வேண்டும்.

வட கர்நாடகத்தின் குளேதகுட்டவில் நெய்கிற கண துணியைப் பார்த்தால் இந்தச் சிக்கலை நெசவாளரே யோசித்திருப்பது தெரியும். ரவிக்கைக்கென்றே நெய்யும் துணி அது, இரு ஓரமும் பார்டர், நடுவில் நெருக்கமான சின்னப் புட்டா. புட்டா சின்னதாக இருப்பதால் எங்கே வெட்டினாலும் உருவம் பாதியில் அறுபட்டது உறுத்தாது.

திசை உள்ள துணிகள்

வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வழவழக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டும். ஒரு பாகத்தைத் தலைகீழாக வைத்தால் இரண்டு பாகமும் இரண்டு நிறமாகத் தெரியும். கார்டுராய்க்கும் அப்படியே. எல்லாப் பாகமும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும். ரோமம் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும், அதனால் வெல்வெட் பிளவுஸுக்கு அதையே நான் விரும்புவேன்.

மயில்கழுத்து நிறப் பட்டில் ஏமாறுவது இன்னும் சுலபம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். உடம்பை நேர் நூலிலும் பட்டியைக் குறுக்கிலும் வெட்டினால் ஒன்று நீலமாகவும் மற்றது பச்சையாகவும் மின்னும். மேசை விளக்கில் தெரியாது, கல்யாண மண்டப விளக்கில் தெரியும். பார்டருக்காகக் கையைக் குறுக்கில் வைக்கும் மேற்சொன்ன அடுக்கில் இந்தப் பட்டு வந்தால் கைக்கும் உடம்புக்கும் நிற பேதம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பார்டர் போதும் என்பவர் ஒப்புக்கொள்வார்.

யானை, மயில், மாங்காய் என்று நிமிர்ந்து நிற்கும் பிரிண்டுக்கும் ஒரே திசைதான். ஒரே திசை என்றால் பாகங்களைத் தலைகீழாக மாற்றிக் கோர்த்து இடம் பிடிக்க முடியாது. உடுப்பின் அளவைப் பொறுத்துக் கால் மீட்டரிலிருந்து அரை மீட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். குறுக்குவாட்டில் மடித்து இரட்டையாக வெட்டுவதும் இங்கே கூடாது, கீழ் அடுக்கு முழுக்கத் தலைகீழாகிவிடும்.

கட்டம்

பாலும் பழமும் கட்டத்தில் குர்தா தைக்கக் கேட்பவர்கள் பெங்களூரில் நிறைய. அழகாக வரும், பொறுமை வேண்டும். முதலில் கட்டம் சமமா என்று பாருங்கள். துணியின் மூலையைக் கட்டத்தின் நடுவிலிருந்து குறுக்காக மடித்தால் கோட்டின்மேல் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அது சமமில்லாத கட்டம், வெல்வெட் மாதிரி ஒரே திசையில்தான் வெட்ட வேண்டும்.

துணியை ஒற்றையாக விரியுங்கள். மடித்து வெட்டினால் கீழ் அடுக்கில் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. முன் பாகத்தின் நடுவில் எது வர வேண்டும் என்று தீர்மானியுங்கள், எடுப்பான கோடா, இரண்டு கோட்டுக்கு நடுவிலா. முன் பாகத்தை வைத்ததும், பக்கத் தையல் ஓரத்தில் இருக்கும் நாட்ச் (பாகங்களைப் பொருத்த இடும் சின்ன அடையாளக் கீறல்) எந்தக் கோட்டின்மேல் விழுகிறதோ அந்தக் கோடுகளைப் பென்சிலால் காகிதத்திலேயே வரைந்துகொள்ளுங்கள். பின் பாகத்தின் அதே நாட்ச் அதே நிறக் கோட்டில் விழ வேண்டும். பொருத்தம் பார்க்க வேண்டியது தையல் ஓடும் கோட்டில், வெட்டும் ஓரத்தில் இல்லை. ஓரத்தில் பொருத்தினால், அரை இஞ்ச் உள்ளே தைக்கும்போது எல்லாம் அரை இஞ்ச் விலகிப் போயிருக்கும். மார்பு டாட்டுக்கு மேலே இருக்கும் கோடுகள் டாட் பிடித்தபின் விலகும், அதனால் டாட்டுக்குக் கீழே இருந்து இடுப்பு, தொடை வரை பொருந்தினால் அதுவே நிறைவு. கையில், முன்பக்கக் கைக்குழி நாட்ச் பொருந்தட்டும். பின்பக்கமும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், கைத்தலையின், அதாவது கையின் மேல் நுனியின், வளைவு அதற்கு இடம் கொடுக்காது. ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் ஒரு முழுக் கட்டத்தின் உயரம் கூடுதல் துணி என்று கணக்கிடுங்கள். நான்கு இஞ்ச் கட்டமென்றால் முன், பின், இரண்டு கை சேர்த்துப் பதினாறு இஞ்ச்.

ஒற்றைத் துணியில் வெட்டும்போது வரும் பெரிய ஆபத்து ஜோடி. ஒரு கையை வெட்டி, அதே காகிதத்தை அப்படியே நகர்த்தி மறுகையை வெட்டினால் இரண்டு இடது கை கிடைக்கும். காகிதத்தைக் குப்புறப் போட்டுத்தான் இரண்டாவதை வெட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வெற்றுத் துணியில் இது பிழைத்துப் போகும், பிரிண்டில் பிழைக்காது. பேட்டர்னின் ஒரு முகத்தில் "இடது" என்றும் மறுமுகத்தில் "வலது" என்றும் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பதைவிட நல்ல வழி கிடையாது.

இணையத்திலிருந்து இறக்கிய பேட்டர்ன் என்றால் ஒட்டுவதற்கு முன் முதல் தாளில் இருக்கும் சோதனைச் சதுரத்தை அளந்துவிடுங்கள். பிரிண்டர் தாளுக்கேற்பச் சுருக்கி அச்சிட்டிருந்தால் மொத்த உடுப்பும் ஓர் அளவு குறைந்துவிடும். தையல் இடம் சேர்ந்ததா, சேராததா என்றும் பாருங்கள். அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் 5/8 இஞ்ச் சேர்த்தே இருக்கும். புர்தா என்ற தையல் இதழின் பேட்டர்ன்களில் வழக்கமாகச் சேர்க்காமல் இருக்கும். சேராததை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கிவிட்டு, பிறகு தையல் இடம் வரையப் போனால் இடமே இருக்காது.

துணி போதாதபோது

எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் உள்ளே மறையும் பாகங்கள்: பாக்கெட் பை, கழுத்தின் உள்பட்டி, காலரின் அடிப்பாகம். இவற்றை வேறு துணியிலேயே வெட்டலாம். அடுத்து, சின்னப் பாகங்களைக் குறுக்கு நூலுக்குத் திருப்புவது: தோள்பட்டை யோக், கஃப், இடுப்புப் பட்டி. யோக்கைக் குறுக்கில் வைப்பது பலர் வேண்டுமென்றே செய்வது. அடுத்தது ஒட்டு. பின் பாகத்தை மடிப்பில் வைக்க இடமில்லை என்றால் நடு முதுகில் தையல் கொடுத்து இரண்டாக வெட்டலாம், இரண்டு பக்கமும் அரை இஞ்ச் சேர்க்க மறக்காமல். சல்வாரில் தொடையின் உள்பக்கம், கையில் அக்குள், குடைப் பாவாடையில் கீழ் ஓரத்து நுனி, இங்கெல்லாம் ஒட்டுப் போடலாம். ஒட்டு நேர் நூலில் வர வேண்டும், சேர்க்கும் துண்டும் அதே நூல் ஓட்டத்தில் இருக்க வேண்டும். இதற்கும் போதவில்லை என்றால் நீளத்தைக் குறையுங்கள், அல்லது கையை. முன் பாகத்தையோ பேண்ட் காலையோ லேசாகச் சாய்த்து வைப்பது மட்டும் இந்த வரிசையில் எங்கும் கிடையாது.

பழைய களி (பக்கத்தில் சேர்க்கும் சாய்வுத் துண்டு) வைத்த குர்தாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வேறொரு சிக்கனம் தெரியும். உடம்பு நீள்சதுரம், கை நீள்சதுரம், பக்கக் களிகள் மட்டும் சாய்வு. ஒரு நீள்சதுரத்தைச் சாய்வாக ஒரே வெட்டில் பிளந்தால் இரண்டு களி, ஒன்றின் அகல முனை மற்றதன் குறுகிய முனைக்குப் பக்கத்தில். வீணாவது கழுத்து வட்டம் மட்டும். வளைவான கைக்குழியும் கைத்தலையும் வந்த பிறகுதான் இடையிடையே மூலைத் துண்டுகள் மிஞ்சத் தொடங்கின. ஆடை ஆலையில் கணினியில் மார்க்கர் (பாகங்களை அடுக்கிய வரைபடம்) போடுபவர்கள் சின்ன அளவையும் பெரிய அளவையும் கலந்து கோர்ப்பதும் அந்த இடைவெளிகளை நிரப்பத்தான். நல்ல மார்க்கரிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் துணி துண்டாகத்தான் போகும். வீட்டில் ஒரு உடுப்புக்கு அதைவிடக் கூடத்தான் செய்யும், அதற்காக மனம் கலங்க வேண்டாம்.

கோர்ப்பதில் சில வழக்கங்கள் கைகொடுக்கும். பெரிய பாகங்களை முதலில் வைத்துச் சின்னவற்றை இடைவெளியில் செருகுங்கள். நேர் ஓரம் உள்ளவை ஓரக்கரையை ஒட்டியும், வளைவுகள் ஒன்றையொன்று பார்த்தும் இருக்கட்டும். கைத்தலையின் மேடு கைக்குழியின் பள்ளத்துக்குள் பாதி நுழையும். ஆழமான பின்கழுத்திலிருந்து விழும் துண்டில் குழந்தைச் சட்டைக் காலர் ஒன்று வெட்டலாம். கழுத்துக்கான கிராஸ் பட்டைக்குத் துணியைக் கடைசியில் தேடாமல் அடுக்கும்போதே ஒதுக்குங்கள். 10 இஞ்ச் சதுரத்திலிருந்து 1¼ இஞ்ச் அகலப் பட்டை, ஒட்டுக்குப் போக, 60 இஞ்சுக்கு மேல் கிடைக்கும். கழுத்துக்கும் கைக்கும் அது போதும்.

எல்லாப் பாகமும் துணிமேல் வந்து சேரும்வரை எதையும் வெட்டக் கூடாது. முன் பாகம்தான் உட்கார்ந்துவிட்டதே என்று அதை வெட்டிவிட்டு, கைக்கு இடம் தேடினால் அப்போதுதான் இரண்டு இஞ்ச் இடிக்கும். எல்லாம் வந்ததும் பேட்டர்னின் பாகப் பட்டியலை விரல்விட்டு எண்ணுங்கள், மடிப்பில் வைத்தவை எவை, இரண்டு வெட்ட வேண்டியவை எவை என்று. ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று போனில் ஒரு படம் எடுங்கள். தரையில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாத சாய்வும் தலைகீழ் யானையும் மேலிருந்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும். அடுத்த தடவை அதே பேட்டர்னுக்கு அந்தப் படமே வழிகாட்டி, எத்தனை மீட்டர் என்று அதிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது துணியைக் கத்திரிக்கோலுக்குத் திருப்பாமல் நீங்கள் துணியைச் சுற்றி நகருங்கள். இடது கை காகிதத்தை அழுத்தியிருக்கட்டும், கத்திரியின் கீழ் அலகு தரையை விட்டு எழும்ப வேண்டாம். பட்டிலும் க்ரேப்பிலும் குண்டூசியைத் தையல் இடத்துக்குள் மட்டும் குத்துங்கள், ஓட்டை மறையாது. ஊசியே வேண்டாம் என்றால் நாலைந்து எடைக்கல்லோ கனமான கிண்ணங்களோ போதும். நாட்சுகளை கால் இஞ்சுக்குமேல் கீறாதீர்கள். டாட் முனைகளையும் பாக்கெட் இடத்தையும் காகிதத்தை எடுக்கும் முன்பே துணிக்கு மாற்றிவிடுங்கள். வெட்டிய பாகங்களைக் காகிதத்தோடு சேர்த்தே தட்டையாக வையுங்கள். கிராஸில் வெட்டிய பாகத்தை மட்டும் கொடியில் போடாமல், தைக்கும்வரை கிடத்தியே வையுங்கள். தைத்து முடித்த குடைப் பாவாடை என்றால் ஒரு நாள் தொங்கவிட்டு, அது தானாக எவ்வளவு நீள்கிறதோ நீண்ட பிறகு கீழ் ஓரத்தைச் சமமாக்கி மடியுங்கள்.